குரு ஒருவரின் பெயர் தாங்கிய நகர்

பங்குப் பணியில் வீடு வீடாகச் சென்று குடும்பங்களைச் சந்திக்கும்போது நாம் அடிக்கடி செவியுறும் சொல் ஒன்று உண்டு. "மன்னித்துவிட்டோம் சாமி, ஆனால் மறக்கமாட்டோம்." நிலத் தகராறாயினும், உடன்பிறந்தோர் பிரிவாயினும், இச்சொல் மட்டும் மாறுவதில்லை. சொல்பவர் பொய் சொல்லவில்லை என்பதை அவர் முகமே காட்டும். ஆயினும் அவர் மன்னித்தாரா என்பதில் அவருக்கே ஐயம் இருப்பதையும் அம்முகமே காட்டிவிடும். மறந்தால்தான் மன்னிக்க இயலுமா? மறவாமல் மன்னிப்பது மனிதருக்குக் கூடுமா? இவ்வினாவுக்குக் குருமடத்தில் நாம் கற்ற இறையியல் விடை தராமல் இல்லை. எனினும் அவ்விடை ஊராகவும் கல்லாகவும் மரமாகவும் நம் கண்முன் நின்றது, வட அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள கோலியாட் என்னும் சிறு நகரில்தான்.

அம்மாநிலத்தில் பணியாற்றும் குருத்தோழர் ஒருவரின் அழைப்பை ஏற்று நாம் சென்றிருந்தபோது, தவக்காலத்தில் ஒருநாள் அவ்வூரைக் காண வாய்த்தது. சான் அந்தோனியோ மாநகரிலிருந்து தென்கிழக்கே, மேய்ச்சல் நிலங்களினூடே ஏறத்தாழ 145 கிலோமீட்டர் பயணம். கோலியாட் ஒரு கவுண்டியின் தலைநகர். நம் வழக்கில் மாவட்டத் தலைநகர் எனலாம். ஆயின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 1,600 பேர் மட்டுமே. நம் பங்குகள் பலவற்றின் மக்கள் தொகைகூட இதைவிடப் பெரிது. எனினும் இச்சிற்றூர் சுமக்கும் நினைவுகளின் பாரம் பெருநகர்களுக்கும் இல்லை.

முதலில் அதன் பெயரைக் காண்போம். மெக்சிக்கோ நாட்டின் விடுதலைக்கு 1810-ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று முதற்குரல் எழுப்பியவர், தொலோரஸ் என்னும் ஊரின் பங்குத்தந்தை மிகேல் இதால்கோ. அவருடைய பெயரை எழுதும்போது முதலில் வரும் 'எச்' என்ற எழுத்துக்கு இஸ்பானிய மொழியில் ஒலி இல்லை. அதை நீக்கி, எஞ்சிய ஆறு எழுத்துகளையும் இடம் மாற்றி அடுக்கினால் வருவதே கோலியாட். 1829-ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று இப்பெயர் ஊருக்குச் சட்டப்படி சூட்டப்பட்டது. பங்குத்தந்தை ஒருவரின் பெயர், எழுத்துகள் கலைந்த நிலையில், ஒரு நகரின் பெயராக விளங்குகிறது. அக்குருவின் வாழ்வும் எளிதில் வாசிக்க இயலாதது. ஏழை மக்களுக்காக எழுந்தவர் அவர். ஆயின் அவர் பின்னே திரண்ட கூட்டம் குவானஹுவாத்தோ நகரின் தானியக் களஞ்சியத்தில் அடைக்கலம் புகுந்தோரைக் கொன்று குவித்தது. 1811 ஜூலை 30 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தலை அதே களஞ்சியத்தின் மூலையில் 1821 வரை தொங்கவிடப்பட்டிருந்தது. வீரமும் இரத்தமும் பிரிக்க இயலாதபடி பின்னிக் கிடக்கும் பெயர் அது. ஊரின் வரலாறும் அவ்வாறே அமைந்தது.

இப்பெயர் வருமுன் அவ்வூர் லா பாஹியா எனப்பட்டது. 'வளைகுடா' என்பது பொருள். கடலோ தொலைவில் இருக்கிறது! இஸ்பானியர் 1721-இல் இக்கோட்டையை முதலில் நிறுவியது கடற்கரையையொட்டி. பிரெஞ்சு நாட்டவரான லா சால் கைவிட்டுப்போன குடியிருப்பின் சிதைவுகள் மீது. அருகே தூய ஆவியாரின் பெயரால் பிரான்சிஸ்கு சபைத் துறவியரின் மறைப்பணித்தளம் 1722-இல் எழுந்தது. இரண்டும் 1726-இல் உள்நாட்டுக்கு இடம் பெயர்ந்தன. 1749-இல் சான் அந்தோனியோ ஆற்றங்கரையில் இன்றைய இடத்தை அடைந்தன. இடம் மாறியும் பெயர் மாறவில்லை. கடலை விட்டு வந்த பின்னும் வளைகுடா என்றே அழைத்தனர். மனித நினைவு எத்துணைப் பிடிவாதமானது என்பதற்கு இதுவே போதிய சான்று.

துறவியர் அப்பகுதியின் தொல்குடி மக்களிடையே மறையுரைத்தனர். அவர்களோடு இணைந்து பல்லாயிரம் மாடுகளைக் கொண்ட பெரும் பண்ணையை வளர்த்தனர். டெக்சாஸின் புகழ்பெற்ற கால்நடை வளர்ப்பின் தொடக்கங்களுள் ஒன்று இதுவே. அப்பணியில் அன்பும் இருந்தது, ஆதிக்கமும் இருந்தது. பாழடைந்து கிடந்த அம்மறைப்பணித்தளம் 1930-களில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ் இளைஞர்களால் மீட்டுக் கட்டப்பட்டு, இன்று மாநிலப் பூங்காவினுள் வெண்மையாகப் பொலிகிறது. ஆற்றின் மறுகரையில், மேட்டின்மீது நிற்கிறது கோட்டை. 1960-களில் செப்பனிடப்பட்ட இக்கோட்டை விக்டோரியா மறைமாவட்டத்திற்கு உரியது. அதனுள்ளேயுள்ள லொரேத்தோ அன்னையின் சிற்றாலயத்தில் இன்றும் திருப்பலி நிறைவேற்றப்படுகிறது.

இச்சிற்றாலயத்தில்தான் 1835 டிசம்பர் 20 அன்று, மெக்சிக்கோ ஆட்சியிலிருந்து டெக்சாஸ் விடுதலை பெற வேண்டும் என்ற அறிக்கையில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். டெக்சாஸின் முறையான விடுதலை அறிக்கைக்கு இரு மாதங்களுக்கும் மேல் முந்தியது அது. விடுதலை என்ற சொல்லை நாம் இங்கே கவனத்துடன் பயன்படுத்த வேண்டியுள்ளது. மெக்சிக்கோ 1829-இல் அடிமைமுறை ஒழிப்பை அறிவித்தபோது, டெக்சாஸில் குடியேறியிருந்தோர் அதிலிருந்து விலக்குப் பெற்றனர். கோலியாட் கோட்டைக்குத் தலைமை ஏற்ற ஜேம்ஸ் ஃபானின் தாமே அடிமை வணிகத்தில் ஈடுபட்டவர். தமக்கு விடுதலை கேட்டோர் பிறர்க்கு அதை மறுத்தனர். ஆயினும், அவர்களுக்கு நேர்ந்த கொடுமை அதனால் கொடுமை அல்லாமல் ஆகிவிடாது.

1836 மார்ச் 6 அன்று சான் அந்தோனியோவிலுள்ள ஆலமோ வீழ்ந்தது. மார்ச் 19 அன்று கோலியாடிலிருந்து பின்வாங்கிய ஃபானினின் படையை மெக்சிக்கத் தளபதி ஹொசே உர்ரேயா கொலேட்டோ ஓடைக்கருகே வெட்டவெளியில் சூழ்ந்துகொண்டார். தண்ணீர் இல்லை, காயமுற்றோர் பலர். மறுநாள் ஃபானின் சரணடைந்தார். சிறைப்பட்டோர் கோட்டைக்கே திரும்பக் கொண்டுவரப்பட்டு, முதலில் அச்சிற்றாலயத்திற்குள் நெருக்கி அடைக்கப்பட்டனர். தம்மைத் தாயகத்திற்கு அனுப்பிவிடுவர் என்றே அவர்கள் நம்பியிருந்தனர்.

மார்ச் 26 மாலை. கோட்டையின் பொறுப்பிலிருந்த படை அதிகாரி நிக்கோலாஸ் தெ லா போர்த்தில்லாவின் கைக்கு அடுத்தடுத்து இரு மடல்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, நாட்டின் தலைவராகவும் படைத்தலைவராகவும் விளங்கிய சாந்தா அன்னா அனுப்பியது. சிறைப்பட்டோர் அனைவரையும் சுட்டுக் கொல்லுமாறு அது பணித்தது. மற்றொன்று உர்ரேயா அனுப்பியது. அவர்களை நன்முறையில் நடத்துமாறும், ஊரைச் சீரமைக்கும் பணியில் அமர்த்துமாறும் அது கேட்டது. போர்த்தில்லா கொடியவர் அல்லர். அன்றிரவு தாம் அடைந்த பெருங்கலக்கத்தை அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். ஒருபுறம் உயர்ந்த அதிகாரம், மறுபுறம் இரக்கம். விடிவதற்குள் அவர் முடிவு செய்தார்: மேலிடத்து ஆணையே நிறைவேறும்.

விடிந்த நாள் குருத்து ஞாயிறு.

கத்தோலிக்க நாட்டின் படை அது. அவ்வீரர்கள் சிறுவயது முதல் அந்நாளில் கையில் குருத்தேந்தி, ஆண்டவருக்கு ஓசன்னா பாடி வளர்ந்தவர்கள். அன்று அவர்கள் கையில் துப்பாக்கி ஏந்தி, சிறைப்பட்டோரை மூன்று அணிகளாகப் பிரித்து மூன்று சாலைகளில் பவனிபோல் நடத்திச் சென்றனர். விறகு சேர்க்கவோ, மாடுகளை ஓட்டிவரவோ, துறைமுகம் நோக்கியோ செல்வதாக அவர்களிடம் சொல்லப்பட்டது. சற்றுத் தொலைவு சென்றதும் நிறுத்திச் சுட்டனர். நடக்க இயலாத காயமுற்றோர் கோட்டைக்குள்ளேயே கொல்லப்பட்டனர். தொடையில் காயமுற்றிருந்த ஃபானின் இறுதியாக நாற்காலியில் அமர்த்திச் சுடப்பட்டார். முகத்தில் சுட வேண்டாம், தம் உடைமையை வீட்டாருக்கு அனுப்புக, கிறிஸ்தவ முறையில் அடக்கம் செய்க என அவர் மூன்று வேண்டுகோள் விடுத்ததாகவும், மூன்றும் மறுக்கப்பட்டதாகவும் சொல்லி வருகின்றனர். மாண்டோர் ஏறத்தாழ 340 பேர். ஆற்றில் குதித்தும் புதரில் மறைந்தும் தப்பியோர் 28 பேர். உடல்கள் அரைகுறையாக எரிக்கப்பட்டு அப்படியே விடப்பட்டன.

சிற்றாலயத்தின் பீடத்திற்குப் பின்னால் சுவரோவியம் ஒன்று உண்டு. அந்தோனியோ கார்சியா என்னும் ஓவியர் 1946-இல் தீட்டியது. கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. லொரேத்தோ அன்னையின் ஆலயத்திற்கு அக்காட்சி பொருத்தமானதே. அன்னை இறைவனுக்கு ஆம் என்று விடையளித்த வீடே லொரேத்தோவில் உள்ளது என்பதன்றோ மரபு. அவ்வோவியத்தின்முன் நாம் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். மங்கள வார்த்தைத் திருநாள் மார்ச் 25. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் 1836-இன் அந்தக் குருத்து ஞாயிறு. நாசரேத்தூர்க் கன்னியும் கீழ்ப்படிந்தார், போர்த்தில்லாவும் கீழ்ப்படிந்தார். ஒரு கீழ்ப்படிதலால் வாழ்வு வந்தது. மற்றதால் சாவு வந்தது. கன்னி மரியா வினவினார், சிந்தித்தார், பின்னர்த் தம்மை முழுதும் கையளித்தார். போர்த்தில்லாவோ தம் மனச்சான்றின் குரலைத் தெளிவாகக் கேட்ட பின்னரே அதை அடக்கினார். மனித இயல்புக்கு அடிப்படையான அறநெறியை மீறும் ஆணைகள் குற்றமானவை என்றும், கண்மூடிக் கீழ்ப்படிந்தேன் என்பது அவற்றை நிறைவேற்றியோரை விடுவிக்காது என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. குருமட வகுப்பில் அப்பகுதியைப் பயின்றபோது அது நமக்கு ஒரு பாடமாக இருந்தது. அக்கோட்டை முற்றத்தில் நின்றபோதோ அது ஓர் இரவாக, இரு மடல்களாக, உறக்கமின்றி உலவிய ஒரு மனிதராகத் தோன்றிற்று.

அதே இரவில் வேறு சிலரும் விழித்திருந்தனர். படை அதிகாரி பிரான்சிஸ்கோ கராய், மருத்துவர்களையும் வேறு சிலரையும் தம் கூடாரத்தில் வைத்துக் காத்தார். அம்மருத்துவர்களுள் ஜாக் ஷாக்கல்போர்டு என்பவர், தம் மூத்த மகனும் உறவினர் மக்களும் அணியில் நடத்திச் செல்லப்பட்ட அவ்வேளையில், கூடாரத்தினுள் இருந்தபடியே வேட்டொலியைக் கேட்டார். உயிர் பிழைத்ததே பாரமாகும் நிலை அது. இன்னொருவர் ஒரு பெண். தெலெஸ்போரோ அலாவெஸ் என்னும் படைத்தலைவருடன் வந்திருந்தவர். முன்னரே சிறைப்பட்டோரின் கட்டுகளைத் தளர்த்துமாறு மன்றாடியவர். கொலைக்கு முந்திய இரவில் சிலரை மறைத்து வைத்தும், சிலருக்காக அதிகாரிகளிடம் கெஞ்சியும் அவர் உயிர்களைக் காத்தார். பிழைத்தவர்கள் அவரைக் கோலியாடின் வானதூதர் என்று அழைத்தனர்.

அவருடைய பெயரை ஏடுகள் ஃபிரான்சித்தா என்றும், பிரான்சிஸ்கா என்றும், பஞ்சித்தா என்றும் பலவாறு குறிக்கின்றன. அவர் அப்படைத்தலைவரின் முறையான மனைவியும் அல்லர். அப்படைத்தலைவரோ தம் மனைவியை விட்டுப் பிரிந்து வந்தவர். பின்னர் மெக்சிக்கோ நகரில் இவரையும் கைவிட்டார். பங்குப் பதிவேட்டில் இப்பெண்ணுக்கு எந்தப் பக்கத்தில் இடம் தருவது என்று நம் போன்ற குருக்கள் தயங்கியிருப்போம். சட்டப்படி மணமுடித்த கனவான்கள் பலர் அன்று வரிசையில் நின்று சுட்டனர். பெயரும் நிலையும் இல்லாத இவர் காத்தார். வரிதண்டுவோரும் விலைமகளிரும் இறையாட்சிக்குள் முந்திச் செல்வர் என ஆண்டவர் உரைத்ததன் பொருள், ஒரு வெண்கலச் சிலையாகக் கோட்டைக்கு அருகே நிற்கிறது.

இனி நினைவு என்ன செய்தது என்பதைக் காண்போம். ஏப்ரல் 21 அன்று சான் ஹசின்த்தோவில் டெக்சாஸ் படை ஆலமோவையும் கோலியாடையும் நினைவில் கொள்ளுமாறு முழங்கிக்கொண்டு பாய்ந்தது. பதினெட்டு நிமிடங்களில் போர் முடிந்தது, கொலை முடியவில்லை. கைகளை உயர்த்திச் சரணடைய முயன்றவர்களும் நீரில் விழுந்தவர்களும்கூடக் கொல்லப்பட்டனர். மெக்சிக்கத் தரப்பில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். டெக்சாஸ் தரப்பில் ஒன்பது பேர். அவ்வீரர்கள் கோலியாடை மறக்கவில்லை. கோலியாடில் நடந்ததையே திரும்பச் செய்தார்கள். பழியின் நினைவு எப்போதும் இப்படித்தான்: எதை வெறுக்கிறதோ அதன் சாயலையே அணிந்துகொள்ளும். ஆயினும் மறுநாள் சாந்தா அன்னாவே பிடிபட்டபோது, அவரைத் தூக்கிலிடுமாறு வீரர்கள் கேட்டும், தளபதி சாம் ஹூஸ்டன் அவரை உயிரோடு விட்டார். அவர் கணக்கில் அரசியல் இருந்தது உண்மையே; எனினும் அக்கணக்கால் ஓர் உயிர் தப்பிற்று.

நகரின் நடுவே, 1894-இல் ஆல்பிரட் கைல்ஸ் என்னும் சிற்பி வடிவமைத்த வழக்குமன்றம் நிற்கிறது. 1942-ஆம் ஆண்டுப் புயலில் இழந்த மணிக்கூண்டை அது 2003-ஆம் ஆண்டுச் சீரமைப்பில் திரும்பப் பெற்றது. அதன் புல்வெளியில் பழமையான ஓக் மரம் ஒன்று கிளை பரப்பி நிற்கிறது. 1846 முதல் 1870 வரை பல வேளைகளில் நீதிமன்றம் அம்மர நிழலிலேயே கூடியது. சாவுத் தண்டனை விதிக்கப்பட்டால் அங்கேயே, அதன் கிளையிலேயே நிறைவேற்றப்பட்டது. 1857-இல் வண்டிப் போர் எனப்படும் கலவரம் மூண்டது. இண்டியனோலாத் துறைமுகத்திலிருந்து சான் அந்தோனியோவுக்கு மெக்சிக்க வழிவந்த வண்டிக்காரர்கள் குறைந்த கூலிக்குச் சரக்கு ஏற்றிச் சென்றனர். போட்டியைப் பொறாத ஆங்கில வழியினர் வண்டிகளைச் சிதைத்தனர்; சரக்கைக் கவர்ந்தனர்; ஆள்களைக் கொன்றனர். வாஷிங்டனிலிருந்த மெக்சிக்கத் தூதர் முறையிட்ட பின்னரே ஆட்சியாளர் படைப் பாதுகாப்பு அளித்தனர். தீர்ப்பின்றித் தூக்கிலிடப்பட்டோரும் அம்மரத்தில் தொங்கினர் என அங்குள்ள அறிவிப்புப் பலகை கூறுகிறது. குருத்து ஞாயிறன்று தம் இனத்தார் வீழ்ந்ததற்காக அழுத அதே ஊர், இருபத்தோர் ஆண்டுகளில் பிறர் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மர நிழலில் குளிர்ச்சி இருந்தது. எனினும் அங்கே அமர நமக்கு மனம் வரவில்லை.

அவ்வூர் ஒரே இனத்தாரின் நினைவில்லம் அன்று. கோட்டைக்கு அருகே மீட்டுக் கட்டப்பட்ட சிறு வீடொன்று உண்டு. ஊருக்குக் கோலியாட் என்று பெயரிட்ட அடுத்த மாதம், 1829 மார்ச் 24 அன்று அங்கே பிறந்தவர் இக்னாசியோ சரகோசா. 1862 மே 5 அன்று, புவேப்லா நகரில் லொரேத்தோ, குவாதலூப்பே என்ற இரு கோட்டைகளை அரணாகக் கொண்டு பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த மெக்சிக்கத் தளபதி அவரே. லொரேத்தோ அன்னையின் நிழலில் பிறந்த குழந்தை, அன்னையின் பெயர் தாங்கிய வேறொரு கோட்டையில் தன் நாட்டைக் காத்தது. ஆக, டெக்சாஸ் மக்கள் அழும் மண்ணும் மெக்சிக்க மக்கள் பெருமைகொள்ளும் மண்ணும் ஒன்றே. 1902 மே 18, ஞாயிறு பிற்பகலில் வீசிய சூறாவளி இவ்வூரில் 114 உயிர்களைப் பறித்தது. வழிபாட்டிற்குக் கூடியிருந்த கறுப்பின மக்களின் மெதடிஸ்த ஆலயமும் அதில் தரைமட்டமாயிற்று. தூக்குமரத்தின் அருகே நின்ற வழக்குமன்றமே அன்று காயமுற்றோருக்கு மருத்துவமனையாகியது. தீர்ப்பிடும் இல்லம் ஒருநாளேனும் இரக்கத்தின் இல்லமாயிற்று.

படுகொலைக்குப் பின் 1836 ஜூன் 3 அன்று, தளபதி தாமஸ் ரஸ்க் மீந்த எலும்புகளைத் திரட்டி மரியாதையுடன் அடக்கம் செய்வித்தார். காலப்போக்கில் அக்கல்லறையின் இடமே ஐயத்திற்கு உள்ளாயிற்று. 1930-இல் சாரணச் சிறுவர்கள் அங்கே எரிந்த எலும்புத் துண்டுகளைக் கண்டெடுத்தனர். ஆய்வுக்குப்பின் கருங்கல் நினைவுச்சின்னம் எழுந்தது. இந்நாளில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் இறுதியில் மக்கள் அக்கால உடை அணிந்து, சிறைப்பட்டோர் நடந்த வழியே நடந்து, கல்லறையில் வணக்கம் செலுத்துகின்றனர். கொன்றோரின் உடையை அணிவோரும் அவ்வூராரே என்று நம் தோழர் கூறினார். தாம் கொல்லப்பட்டவராக மட்டுமன்றிக் கொன்றவராகவும் இருந்திருக்கக்கூடும் என உணர்வது, மன்னிப்பின் முதற்படி அன்றோ!

அன்று மாலை அச்சிற்றாலயத்தில் தோழருடன் கூட்டுத் திருப்பலி நிறைவேற்றும் பேறு நமக்குக் கிட்டியது. தம் நினைவாக இதைச் செய்யுமாறு ஆண்டவர் பணித்த சொற்களை உச்சரித்தபோது, அச்சுவர்களுக்குள் அச்சொல் முன் எப்போதும் இல்லாத கனத்துடன் ஒலித்தது. திருச்சபையும் ஒரு கொலையைத்தான் நாள்தோறும் நினைவுகூர்கிறது. குற்றமற்றவர் ஒருவரை அதிகாரத்தின் ஆணையால் கொன்ற நிகழ்வு அது. மறக்க நாம் அழைக்கப்படவில்லை. உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் ஆணிக் காயங்கள் அழியாமலே இருந்தன. அவர் தம் பாடுகளை மறக்கவில்லை. ஆனால் அக்காயங்களைக் காட்டி அவர் பழி கேட்கவில்லை. சீடர்களுக்கு அமைதியை வழங்கினார்.

ஆகவே மறப்பதா என்பதைவிட, நினைவை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே வினா. ஃபிரான்சித்தா என்ற பெண்ணை நினைப்பதும் கோலியாடை நினைப்பதே. கராயின் கூடாரத்தை நினைப்பதும் கோலியாடை நினைப்பதே. நம் குடும்பத்தில் நிகழ்ந்த அநீதியை நினைக்கும்போது, அன்று நமக்காகக் கதவு திறந்தவரையும், எதிர்த்தரப்பில் நின்று நமக்காக ஒரு சொல் சொன்னவரையும் சேர்த்தே நினைப்போமாக. பாதியை மட்டும் நினைப்பது பழிக்கு விறகு. முழுமையாக நினைப்பது மன்னிப்புக்கு விளக்கு. இவ்வாண்டு குருத்தோலையை வீட்டுச் சுவரில் செருகி வைக்கும்போது, யார் நினைவை எப்படிச் சுமக்கிறோம் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போம்.